மூன்றாவது வாரத்திலேயே விசாரியுங்கள்

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த பிறகே பல கல்லூரிகள் பின்தங்கிய மாணவர்களின் பட்டியலை எடுக்கின்றன. அதற்குள் செமஸ்டரில் பாதி போய்விடும். வகுப்பெடுப்பவருக்கோ மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிடும்: முதல் அசைன்மென்ட் வரவில்லை, காலை வகுப்புக்குத் தொடர்ந்து ஆளில்லை, முன்வரிசையில் இருந்த பெண் கதவோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். இதை அவரிடம் கேட்பாரில்லை. மூன்றாவது வாரத்திலேயே ஒரு சிறு படிவம் கொடுத்து அவரிடம் கேட்க வேண்டும் என்கிறோம்.

வருகைப்பதிவு மட்டும் போதாது. ஒரு நாளும் தவறாமல் வந்து, ஒரு வரியும் புரியாமல் போகிறவர் அதில் அகப்படமாட்டார். இரண்டாவது வாரத்தில் 5 மதிப்பெண்ணுக்குச் சிறு தேர்வு வைத்து, ஒரு வாரத்துக்குள் தாளைத் திருத்தித் தர வேண்டும்.

ஆசிரியர் நிரப்பும் அந்தப் படிவத்தில் மூன்றே கேள்விகள் போதும்: பதிவு எண், கண்ணால் கண்டது, மாணவரிடம் பேசியாயிற்றா. 'ஆர்வமில்லை' என்று எழுதக் கூடாது. '2 அசைன்மென்ட் தரவில்லை' என்று எழுதலாம். இரவு வேலையா, கட்டணப் பாக்கியா, உடல்நலமா என்பது பேசினால்தான் தெரியும்.

படிவத்தைப் பெற்றுக்கொள்ளத் துறைக்கு ஒருவர் பொறுப்பாக இருந்து, இரண்டு வேலைநாளுக்குள் மாணவரை நேரிலோ போனிலோ அழைக்க வேண்டும். எல்லாருக்கும் போகும் மின்னஞ்சலை, தடுமாறும் மாணவர் பெரும்பாலும் திறப்பதில்லை. "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் வாய் மூடிக்கொள்ளும், "நாலு நாளாகக் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்றால் பேச்சு வரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் தென்பட்டால் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அன்றைக்கே, தனியே விடாமல், உளவியல் ஆலோசகரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

இப்படிப்பட்ட ஏற்பாடு படுத்துவிடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கொடுத்த பெயர் என்னவாயிற்று என்று ஆசிரியருக்கு யாரும் சொல்வதில்லை. 'பேசியாயிற்று, கணக்குக்குத் தனி வகுப்பு ஏற்பாடு' என்ற ஒரு வரி ஒரு வாரத்துக்குள் வந்தால் போதும்; அந்தரங்க விவரம் தேவையில்லை. அந்த வரி வராவிட்டால் அடுத்த செமஸ்டரில் படிவம் காலியாகவே கிடக்கும். பெயர் கொடுத்த எண்ணிக்கையை ஆசிரியரின் குறையாகக் கணக்கிட்டாலும் அதே கதிதான்.

முதலாண்டு வகுப்புகளைப் பல இடங்களில் பகுதிநேர ஆசிரியர்களே எடுக்கிறார்கள். அவர்களையும் இதில் சேர்த்து, செலவாகும் நேரத்துக்கு ஊதியமும் தர வேண்டும். ஆறாவது வாரம் பட்டியலை மறுபடி பாருங்கள். இரவு வேலை பார்க்கிறவருக்கு மாலைத் தனிவகுப்பு உதவாது. அவருக்குப் பாடச்சுமையையோ வகுப்பு நேரத்தையோதான் மாற்றித் தர வேண்டும்.

இப்படிக்கு,
மாணவர் வழிகாட்டுதல் பணியிலுள்ள கல்லூரி ஆசிரியர்கள்