புளூஸ் என்றால் அத்தனை இளக்காரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் லெட் ஸெப்பெலின் என்னும் ஆங்கிலேய ராக் குழுவைப் பற்றி வெளியான கட்டுரையில், "வெறும் புளூஸ் ராக் குழுவாகத் தேங்கிவிடாமல், புரோகிரெசிவ் ராக் என்னும் உயர்ந்த படிக்கு ஏறியவர்கள்" என்றொரு வாக்கியம் இருந்தது. புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை; அதன்மேல் எழுந்தது புளூஸ் ராக். நீண்ட பாடல்களைத் திட்டமிட்டுக் கட்டும் ராக் வகை புரோகிரெசிவ் ராக். கட்டுரையாளர் இளைஞராக இருக்கலாம். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. மேற்கத்திய இசையின் வரலாறு தங்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி என்பதைத் தங்கள் பழைய எழுத்துகளைப் படித்தவர்கள் அறிவார்கள். அப்படிப்பட்ட தங்கள் மேசையைத் தாண்டி இது எப்படி அச்சேறியது என்பதுதான் விளங்கவில்லை.

பாடல்கள் எட்டு நிமிடம், பத்து நிமிடம் என நீள்கின்றன, தாளம் நாலு நாலாகப் போவதில்லை, மெலோட்ரான் (பதிவுசெய்த ஒலிநாடாக்களை இசைக்கும் விசைப்பலகைக் கருவி) ஒலிக்கிறது, ஆகவே இது புரோகிரெசிவ் ராக் என்பதே கட்டுரையின் வாதம். நீளம்தான் அளவுகோல் என்றால், கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை மேடையேறும் வரை ஒரே பாட்டை இழுத்துக்கொண்டிருக்கும் மெல்லிசைக் குழுக்களுக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடலாம். உண்மையான புரோகிரெசிவ் ராக்கைப் பாருங்கள்: 1972-இல் வந்த ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' ஏறக்குறைய 23 நிமிடம். அதே ஆண்டு வந்த யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பகுதி பகுதியாகப் பிரித்து, எது எங்கே தொடங்கி எங்கே திரும்பி வரவேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து கட்டிய இசை அது. ஸெப்பெலினின் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' 1969-இல் வந்த முதல் ஆல்பத்தில் ஆறரை நிமிடம். 1973-இல் நியூயார்க்கில் பதிவாகி 1976-இல் வெளிவந்த கச்சேரி ஆல்பத்தில் ஏறக்குறைய 27 நிமிடம். அன்றைய மனநிலைக்கு ஏற்ப மேடையிலேயே விரித்துக்கொண்டு போவது புளூஸ்காரர்களின் பழக்கம். மெலோட்ரானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பீட்டில்ஸ் 1967-இலேயே அதைப் பயன்படுத்திவிட்டார்கள்.

தாளக் கணக்கும் அப்படித்தான். 'தி ஓஷன்' பாடலில் நான்கு அடி கொண்ட ஒரு பாரை (தாள வட்டத்தை) அடுத்து அரை அடி குறைந்த பார் வருவது உண்மை. 'கேஷ்மீர்' பாடலில் கிதார் மும்மூன்றாகவும் டிரம்ஸ் நந்நான்காகவும் ஓடிப் பன்னிரண்டு அடிக்கொருமுறை ஒன்றுசேர்வதும் உண்மை. ஆனால் புளூஸ் கலைஞர்கள் ஜான் லீ ஹூக்கரும் லைட்னின் ஹாப்கின்ஸும் பாட்டின் போக்கில் அடியைக் கூட்டியும் குறைத்தும் வாசித்தபோது புரோகிரெசிவ் ராக் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை. லண்டன் மாணவர்கள் கணக்குப் போட்டுச் செய்தால் மேதைமை, மிசிசிப்பிக் கறுப்பினக் கலைஞர் தன்னியல்பாகச் செய்தால் 'வெறும்' புளூஸ் என்று எண்ணுவது என்ன நியாயமோ, தாங்கள்தான் சொல்லவேண்டும்.

நான் இதை ஏட்டிலிருந்து எடுத்து எழுதவில்லை. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் எனக்கு பேஸ் கிதார் கற்றுத்தந்தபோது, பன்னிரண்டு தாள வட்டங்களில் சுற்றிவரும் அடிப்படை வடிவமான பன்னிரண்டு பார் புளூஸ் ஒன்றைத் தவிர வேறெதையும் தொட நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. அந்த ஒழுங்கு கைக்கு வந்தபின் ஸெப்பெலினின் மூன்றாம் ஆல்பத்தில் உள்ள 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' பாடலைப் போட்டுக் காட்டினார். அதில் பேஸ் கிதாரே கிடையாது. குழுவின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் கைகளால் ஹாமண்ட் ஆர்கனையும் கால்களால் பேஸ் பெடல்களையும் வாசிக்கிறார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இன்னொன்றும் கேட்கும்: டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹமின் பாஸ் டிரம் பெடல் எண்ணெய் காணாத கதவுபோல் கிறீச்சிடும். அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1975-இல் வந்த 'இன் மை டைம் ஆஃப் டையிங்' 11 நிமிடம் ஓடி முடியும்போது, ஸ்டுடியோவில் ஒருவர் இருமுவதும் பேச்சுக்குரலும்கூடப் பதிவாகியிருக்கின்றன. பட்டை தீட்டி, தூசு தட்டி, மாளிகை எழுப்பும் புரோகிரெசிவ் ராக்கின் மனப்போக்கு இதுவா? பின்னாளில் கல்லூரி விழா மேடைகளில் இந்தப் பாடல்களை வாசித்தபோதும் நாங்கள் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெரியவர் தந்த பன்னிரண்டு பாரைத்தான்.

ஸெப்பெலினின் 'நோ குவார்ட்டர்', 'அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்', 'கருஸலாம்ப்ரா' ஆகிய மூன்று பாடல்களும் புரோகிரெசிவ் ராக்கின் எல்லைக்கு வெகு அருகில் போகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எல்லைக்கு அருகில் போனவர்களும் எல்லையைக் கடந்தவர்களும் ஒன்றல்ல. கடந்தவர்களைக் காட்ட வேண்டுமானால் ஜெத்ரோ டல் குழு இருக்கிறது. 1968-இல் அவர்களின் முதல் ஆல்பம் பெருமளவு புளூஸ்தான். கிதார் கலைஞர் மிக் ஆப்ரகாம்ஸ் விலகி மார்ட்டின் பார் வந்தபின் திசை மாறி, 1972-இல் ஒரே பாடலை இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் நீட்டிய 'திக் ஆஸ் எ பிரிக்' வரை போனார்கள். கட்டுரை அவர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை. கட்டுரையாளர் புரோகிரெசிவ் ராக்கின் சிகரமாகக் கொண்டாடும் பிங்க் ஃபிளாய்டின் பெயரே, பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு புளூஸ் கலைஞர்களிடமிருந்து எடுத்தது என்பதும் அவருக்கு நினைவில் இல்லை போலும்.

ஜெத்ரோ டல் என்றதும் ஒரு பழைய புண் வலிக்கிறது. முன்பொருமுறை இதே குழுவைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தங்கள் அலுவலகத்தில் வெட்டிச் சுருக்கி, "கிதார் கலைஞர் ஜெத்ரோ டல்லின் ஆரம்பகால வாசிப்பு அருமை" என்று என் பெயரிலேயே வெளியிட்டீர்கள். ஜெத்ரோ டல் விதைக்கும் கருவியைச் செம்மைப்படுத்திய ஆங்கிலேய வேளாண் அறிஞர், 1741-இல் காலமானார். அவர் கிதார் வாசித்ததை நான் கேட்டதாக ஊரில் இன்றும் சிலர் கேலி பேசுகிறார்கள். 2015-இல் புளூஸ் மேதை பி.பி. கிங் மறைந்தபோது சமையல் குறிப்புக்குக் கீழே இரண்டு வரி ஒதுக்கினீர்கள். இடநெருக்கடி என்று பொறுத்துக்கொண்டேன். புளூஸுக்கு மட்டும் எப்போதும் இடநெருக்கடி வந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் பொறுக்க முடியாதது பெயர்களை விழுங்கியதுதான். 'வென் த லெவி பிரேக்ஸ்' ஸெப்பெலினின் "சொந்தக் கற்பனை" என்கிறது கட்டுரை. 1927-இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தை வைத்து புளூஸ் கலைஞர்கள் கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் 1929-இல் பதிவுசெய்த பாடல் அது. மெம்பிஸ் மின்னியின் பெயரை ஸெப்பெலின் 1971-இல் தங்கள் ஆல்பத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதும் தாங்கள் அறியாததல்ல. புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பாடிய வில்லி டிக்சனின் பாடலிலிருந்து ஸெப்பெலினின் 'ஹோல் லாட்டா லவ்' பிறந்த கதை, 1985-இல் டிக்சன் வழக்குத் தொடுத்த பிறகே சமரசத்துக்கு வந்தது. ஸெப்பெலினே ஒப்புக்கொண்ட கடனைக்கூடத் தங்கள் இதழ் தள்ளுபடி செய்துவிட்டு, அதன்மேல் "உயர்ந்த படி" கட்டித்தருகிறது.

'வென் த லெவி பிரேக்ஸ்' பாடல் கான்சஸ் ஜோ மெக்காய், மெம்பிஸ் மின்னி ஆகியோருடையது என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையோடு வந்த படத்தில் ஆர்கன் முன் அமர்ந்திருப்பவர் ஜோன்ஸ், பான்ஹம் அல்லர். முடிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் வேண்டுமென்றால் என் குறைகளைத் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். அந்த இரண்டு பெயர்களை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
பொன்மலை, திருச்சி.