எட்டு ரூபாய் பாக்கி

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதாக எழுதியிருந்தாய். முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த கால் எண்ணெய்க்கெல்லாம் மசியாது, டாக்டரிடம் போ. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி காலேஜில் இரண்டாம் வருஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காதே. நான் சிறுகதை எழுதுகிறேன்.

நத்தம் ரோட்டில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்களே, அங்கே வெயிலுக்கு ஒதுங்கப் போனவன்தான். சும்மா உட்கார முடியாமல் கதைப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். நாம் வத்தலக்குண்டு வண்டியில் டூட்டி பார்த்த காலத்தில், கதை எழுதின பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் அந்த ஊர்க்காரர்கள் என்று யாராவது நமக்குச் சொன்னார்களா? நமக்கு வத்தலக்குண்டு என்றால் டீக்கடை, அவ்வளவுதான்.

சரி, நாமும் எழுதிப் பார்ப்போம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். எதை எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சோழவந்தான் வண்டியில் வெற்றிலைக் கூடையோடு ஏறுவாளே, அந்தக் கிழவிதான் வந்து நின்றாள். அன்றைக்குப் பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள். சில்லறை இல்லை. வழக்கம்போல டிக்கெட்டின் பின்னால் '8' என்று எழுதிக் கொடுத்தேன். ஆரப்பாளையத்தில் கூடையை இறக்கும் அவசரத்தில் பாக்கி வாங்காமலே போய்விட்டாள்.

முதலில் எழுதியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'அந்தி சாயும் நேரம், வைகைக் கரையில்' என்று ஆரம்பித்து, கண்டக்டர் எட்டு ரூபாயை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடிப் போகிறான். கிழவி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறது. காசைப் பிணத்தின் நெற்றியில் வைத்து அழுகிறான். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. பேத்தி படித்துவிட்டு, "பட்டிமன்றத்துல பேசுற மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். அத்தோடு விட்டாளா? "பொம்பளைங்களுக்குத்தான் டவுன் பஸ்ல டிக்கெட் காசே கிடையாதே, இவ எதுக்குப் பத்து ரூபா குடுக்கிறா?" என்று கேட்டாள். 2021-ல்தானே அது வந்தது. அதற்கு முன்னால் நடந்த கதை என்று இவளுக்கு எப்படித் தெரியும்? வருஷத்தைப் போட்டால் டைரி மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் பஸ்ஸின் பக்கவாட்டில் 'பாண்டியன் போக்குவரத்துக் கழகம்' என்று ஒரு வரி சேர்த்தேன். 1997-ல் போன பெயர். நம் வயசுக்காரனுக்கு அது போதும். பேத்தி வயசுக்காரர்களுக்கு டிக்கெட் கட்டை எச்சில் தொட்டுக் கிழிப்பதையும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை இன்னொரு கூத்து. வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' படித்தேன். 1915-ல் வந்தது. மரமே கதை சொல்கிறது. மரம் சொல்லலாம், நம் பஸ் சொல்லக்கூடாதா என்று எழுதினேன். அரைப் பக்கத்திலேயே மூச்சு வாங்கியது. மரம் ஒரே இடத்தில் நின்று வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்க்கும். பஸ்ஸுக்கு, இறங்கிப் போனவள் கதை எப்படித் தெரியும்? அவள் போன பிறகு அதற்குத் தெரிந்தது நானும் நீயும்தான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். பையில் கணக்குக்கு மேல் எட்டு ரூபாய் இருந்தால் செக்கர் ஏறும்போது வம்பு என்று சொல்லி அதைச் சட்டைப் பைக்கு மாற்றினேன். கடைசி சிங்கிள் நடை முடிந்ததும் பரோட்டாக் கடைக்குப் போனோம். எட்டு ரூபாயும் சால்னாவோடு போயிற்று. மறுநாள் கூடை எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தேன்தான். தெரியக் கூடாது என்றும் நினைத்தேன். இதை ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. முதல் கதையில் என்னை நல்லவனாக்குவதற்காக அவளைக் கொன்றிருக்கிறேன் பார்.

மூன்றாவது தடவை பரோட்டாவிலிருந்து ஆரம்பித்தேன். பேச்சை நம்மூர்ப் பேச்சாகவே விட்டுவிட்டேன். முதல் பிரதியில் கிழவி, "மீதித் தொகையைத் தாருங்கள்" என்று பேசியிருந்தாள், கர்மம். இப்போது அவள் பேசுவதே ஒரு வரிதான்: "இறங்கறப்ப குடுத்துருய்யா, மறந்துருவேன்." பதினொரு பக்கம் ஐந்தாகிவிட்டது. வெட்டும்போது வலிக்கிறது. குறிப்பாக அந்த வைகைக் கரை. அதைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும்.

முடிவு மட்டும் அமையவில்லை. நோட்டில் நான்கு முடிவு எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். அவள் அப்புறம் நம் வண்டியில் ஏறினாளா என்று எனக்கு ஞாபகமே இல்லை. உனக்கு இருக்கலாம், நீதான் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனால் கதையை முடிக்கும் வரை அதைச் சொல்லிவிடாதே. எனக்கு வேண்டியது வேறு. காசு யாருடையது என்று அன்று கடையில் உன்னிடம் சொன்னேன். அப்போது உன் இலையில் இன்னொரு பரோட்டா இருந்தது. அதைத் தின்றாயா, வைத்துவிட்டு எழுந்தாயா? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு.

உன்,
விசில் மாப்பிள்ளை