"தெய்வாதீனமாக உயிர் தப்பினார்" என்று அன்றைக்கே எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் உப்புவெளியில் வீட்டில் இடியப்பம் அவித்து விற்பவள். பார்சல் சுற்றுவதற்குப் பழைய பேப்பர் கட்டு வாங்குவதால் உங்கள் பத்திரிகையை எப்போதும் ஒரு கிழமை பிந்தித்தான் வாசிக்கிறேன். இந்தக் கடிதமும் அப்படிப் பிந்தி வருவதுதான்.

கடைசியாக வந்த கட்டில் ஒரு விபத்துச் செய்தி. மோட்டார் சைக்கிளில் போன இளைஞர் விழுந்து, தலையில் சிறு காயத்துடன் தெய்வாதீனமாக உயிர் தப்பினாராம். என் மகன் விழுந்த அன்று இரவு எட்டு மணிக்கு ஒரு நிருபர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவரும் இதையேதான் எழுதிக்கொண்டு போயிருப்பார். ஏன், நானே அப்படித்தான் அயலட்டை எல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கோட்டைப் பக்கத்தில் ஒரு மான் குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் போட்டவன் சறுக்கி விழுந்து, கல்லில் வலது பக்கத் தலை அடிபட்டது. ஹெல்மெட் முழங்கையில் தொங்கியது. பொலிஸ் நிற்கும் இடம் வந்தால்தான் அது தலைக்கு ஏறும். ஒரு நிமிடம் போல நினைவில்லாமல் கிடந்தானாம். பிறகு தானே எழும்பி, சறத்தைத் தட்டிவிட்டு, "மானுக்கு ஒன்றும் இல்லைத்தானே?" என்று கேட்டானாம். கூட்டாளிகள் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். காதுக்கு மேலே மூன்று தையல் போட்டு, ஒரு தாளும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மணிக்குச் சொதியோடு பத்து இடியப்பம் சாப்பிட்டான். கதைத்தான், சிரித்தான். ஒன்பதுக்குத் தலையிடி என்றான், பனடோல் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தி. சொதி பழுதாகிவிட்டதோ என்று சட்டியை மணந்து பார்த்தேன். என் புத்தி அந்த அளவுக்குத்தான் போனது. இரண்டாம் தரம் சத்தி எடுத்துவிட்டு, "நித்திரை வருது அம்மா" என்றான். களைப்பு, படுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற மிட்வைஃப் அக்கா ஒருவர் இருக்கிறார். அடுத்த நாளைக்கு இடியப்பம் வேண்டும் என்று சொல்ல அந்நேரம் வந்தவர், நடந்ததைக் கேட்டதும் நேரே அறைக்குள் போய் அவனை உலுக்கினார். அவன் கண்ணைத் திறந்து, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றான். அவன் பள்ளிக்கூடம் விட்டு மூன்று வருடம். அக்கா வேறு ஒன்றும் கதைக்கவில்லை, 1990க்குப் போன் எடுத்தார். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. அதற்குக் காசு இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஸ்கான் எடுத்ததும் டொக்டர் படத்தைக் காட்டினார். மண்டையோட்டின் உட்பக்கம் ஒட்டினாற்போல வெள்ளையாக ஒன்று, இரண்டு பக்கமும் புடைத்த பருப்பு மாதிரி. இரத்தம் மூளைக்குள் இல்லை. எலும்புக்கும் மூளையைச் சுற்றியுள்ள தடித்த சவ்வுக்கும் நடுவில் தேங்கியிருக்கிறது என்றார். கன்னப்பொட்டில் எலும்பு மெல்லிசு, அதன் உட்பக்கத்தை ஒட்டித்தான் ஒரு நாடி ஓடுகிறது, எலும்பு வெடித்தால் நாடியும் கிழியலாம். பொட்டில் அடிபடக்கூடாது என்று எங்கள் அம்மம்மா சொல்லுவார். ஸ்கான் இல்லாமலே மனுசிக்குத் தெரிந்திருக்கிறது.

"நல்லாக் கதைத்தானே டொக்டர்" என்றேன். இந்த வருத்தத்தின் சூதே அதுதான் என்றார். அடிபட்டதும் ஒரு மயக்கம், பிறகு தெளிவு. அந்தத் தெளிவு சில மணித்தியாலம் நிற்கலாம், சிலருக்கு வராமலே போகலாம். உள்ளே இரத்தம் கூடக் கூட மூளை நெரிபடும், அப்போதுதான் தலையிடி, சத்தி, தூக்கம். விட்டால் அடிபட்ட பக்கத்துக் கண்மணி பெருக்கும், பிறகு மூச்சே நிற்கும். இவனுக்குக் கண்மணி இரண்டும் ஒரே அளவில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வயதானவர்களுக்குச் சவ்வு எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் இப்படித் தேங்குவது குறைவாம். மோட்டார் சைக்கிளில் பறக்கும் பெடியன்களுக்குத்தான் கூடுதலாக வருகிறதாம்.

எல்லாருக்கும் ஒப்பரேஷன் தேவையில்லை. கசிவு சின்னதாக, ஆளும் தெளிவாக இருந்தால் வார்ட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்களாம். 30 மில்லிலீற்றருக்கு மேல் போனால் ஆள் தெளிவாக இருந்தாலும் திறந்து எடுப்பதுதான் வழக்கம். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்: ஆறு தேக்கரண்டி. ஆறு தேக்கரண்டி இரத்தத்துக்கு ஓர் ஆளைக் கொல்ல முடியுமா? இவனுக்கு அதைவிடக் கூட இருந்தது.

ஒப்பரேஷனுக்கு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். தொண்டையில் குழாயோடு, ஹபரணைக் காட்டு வழியாக, நடுச்சாமத்தில். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. எலும்பில் ஒரு துண்டைத் திறந்து, கட்டியாகிப்போன இரத்தத்தை எடுத்து, நாடியை அடைத்து, எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் கண் விழித்து, தலைமயிரை யார் வழித்தது என்று சண்டை பிடித்தான். நேரத்துக்கு இரத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் முழுதாகச் சுகமாவார்கள் என்று டொக்டர் சொன்னதை அப்போதுதான் நம்பினேன்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவ நிலையத்தில் கொடுத்தது இரண்டு கிழமை அவன் சேர்ட் பொக்கற்றிலேயே கிடந்தது. துவைக்க எடுத்தபோது கண்டேன். முழுக்க ஆங்கிலம். மகளைக்கொண்டு வாசிப்பித்தேன். தலையிடி கூடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால், கதை குழம்பினால், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தால், வலிப்பு வந்தால், மூக்காலோ காதாலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் உடனே ஆசுபத்திரிக்கு வரவும். முதல் 24 மணித்தியாலம் ஆளைத் தனியே விட வேண்டாம். அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். எல்லாம் அதில் இருந்தது. நான் சட்டியை மணந்துகொண்டிருந்த நேரத்தில் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியிருக்கிறது.

ஆகவே, ஐயா, இரண்டு விஷயம். தலை அடிபட்டவர் உயிர் தப்பினார் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதாமல், "தொடர்ந்து அவதானிக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். மற்றது, அந்தத் தாளைத் தமிழில் ஒரு தரம் போடுங்கள். மகள் எழுதித் தந்த தமிழை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருப்பது சொதிக் கறை, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஓர் இடியப்பக்காரி,
உப்புவெளி, திருகோணமலை.