செயலாளர் ஆண்டறிக்கை: ஊரை விட்டுப் போகாத ஹைடுக்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மன்றத்து நண்பர்களே, வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள், டீ செலவு எவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த முறை அதைக் கடைசியில் நாலு வரியில் முடித்துக்கொள்கிறேன். ஆண்டு முழுக்க நாம் பேசியது ஒரே ஒரு கால்பந்து கிளப்பைப் பற்றி. அறிக்கையும் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

சென்ற பொதுக்குழுவில் ஆண்டுக்கு ஒரு கிளப்பை எடுத்து அடிமுதல் நுனிவரை படிப்பது என்று தீர்மானம் போட்டோம். பார்சிலோனா, லிவர்பூல் என்று கைகள் உயர்ந்தன. பால்கன் பக்கம் போவோமே என்று நான் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். சரி, சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம் என்றார் தலைவர். வந்தது ஸ்ப்ளிட் நகரத்து ஹைடுக். சீட்டுகளை எழுதிப் போட்டவன் நான்தான் என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஸ்ப்ளிட்காரரிடம் போய் உங்கள் ஊர் பால்கன் ஊர் என்றால் கோபித்துக்கொள்வார். நாங்கள் மத்தியதரைக் கடல்காரர்கள் என்பார். குரோஷியாவின் டால்மேஷியா பகுதி, அட்ரியாடிக் கடலோரம். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காலத்துக்குக் கட்டிய அரண்மனைக்குள்ளேயே ஊர் குடியேறி வளர்ந்திருக்கிறது. இன்றும் அந்த மதில்களுக்குள் துணி காயப்போட்டுக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

1911இல் இந்த ஊர் ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சியில் இருந்தது. ஊர்ப் பையன்கள் சிலர் பிராக் நகரில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஃபாபியான் கலிடெர்னா, லூசியான் ஸ்டெல்லா, இவான் ஷாகிச், வியெகோஸ்லாவ் இவானிசெவிச் என்ற நாலு பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. ஸ்பார்டாவும் ஸ்லாவியாவும் மோதிய ஆட்டத்தைப் பார்த்த சூட்டோடு, உ ஃப்ளெகு என்ற பழைய பியர் கடையில் உட்கார்ந்து, நம் ஊரிலும் ஒன்று தொடங்கினால் என்ன என்று பேசியிருக்கிறார்கள். நம் மன்றமும் கிட்டத்தட்ட அப்படித்தான் தொடங்கியது, டீக்கடை என்பதுதான் வித்தியாசம். 1911 பிப்ரவரி 13 அன்று கழகம் பிறந்தது.

பெயர் வைக்கத் தங்கள் பழைய ஆசிரியர் யோசிப் பராச்சிடம் போனார்கள். கூச்சலும் கும்மாளமுமாக உள்ளே நுழைந்தவர்களைப் பார்த்து, உங்களுக்கு ஹைடுக் என்ற பெயர்தான் பொருத்தம் என்றாராம். ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் மலைகளில் பதுங்கி, வழிப்பறியும் எதிர்ப்புமாக வாழ்ந்தவர்களுக்கு ஹைடுக் என்று பெயர். கொள்ளைக்காரனா வீரனா என்பது நாம் யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் பக்கத்துக் கதைப்பாடல்களில் வரும் நல்ல கள்ளன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஆட்டம் அதே ஆண்டு ஜூன் 11இல் நடந்தது. எதிரணி கால்சியோ ஸ்பலாடோ, இத்தாலியச் சார்புள்ள ஊர்க்காரர்களின் அணி. 9-0 என்று ஹைடுக் ஜெயித்தது. கழகத்தின் முதல் கோலை அடித்தவர் ஷிமே ரௌனிக். பந்து அவர் முழங்காலில் பட்டு உள்ளே போனது என்பார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது போதும்.

முதல் உலகப் போர் முடிந்து நாடு யுகோஸ்லாவியா ஆனது. 1927இலும் 1929இலும் ஹைடுக் லீக் பட்டம் வென்றது. இந்தக் காலத்தைப் பற்றி நாம் ஒரு கூட்டத்துக்கு மேல் பேசவில்லை. பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவும் இல்லை.

கதை சூடு பிடிப்பது 1941இல். முசோலினியின் இத்தாலி ஸ்ப்ளிட்டைப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஏ.சி. ஸ்பலாடோ என்று பெயரை மாற்றிக்கொண்டு இத்தாலியின் முதல் டிவிஷன் லீக்கில் ஆட வாருங்கள் என்று ஹைடுக்குக்கு அழைப்பு வந்தது. பணம், பெயர், பெரிய அணிகளோடு ஆட்டம் எல்லாம் தட்டில் வைத்துத் தரப்பட்டன. முடியாது என்றது கழகம். ஆட்டத்தையே நிறுத்திக்கொண்டது. 1943இல் இத்தாலி சரணடைந்த பிறகு, நாஜிகளின் ஆதரவில் இருந்த குரோஷிய அரசு தன் போட்டிகளுக்கு வந்து ஆடச் சொன்னது. அதற்கும் மறுப்புதான். முதல் மறுப்பாவது அந்நியனுக்குச் சொன்னது. இரண்டாவது, சொந்த மொழி பேசுகிறவர்களின் ஆட்சிக்குச் சொன்னது. எனக்கு அதுதான் கடினமானதாகத் தெரிகிறது. கூட்டத்தில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பிறகு வீரர்கள் ஒவ்வொருவராக ஊரை விட்டு நழுவி, நாஜிகளை எதிர்த்த பார்ட்டிசான் போராளிகள் கையில் இருந்த வீஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1944 மே 7, ஊரின் காவல் புனிதரான தூயேவின் திருநாள். அன்று அந்தத் தீவில் ஹைடுக் மறுபடி உயிர்பெற்றது, இந்த முறை கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் விடுதலைப் படையின் அணியாக. ஜெர்சியில் சிவப்பு நட்சத்திரம். அதே ஆண்டு செப்டம்பர் 23இல் இத்தாலியின் பாரி நகரில் பிரிட்டிஷ் ராணுவ அணியோடு ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் சுமார் 40,000 பேர். 7-2 என்று தோற்றார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போது தோல்வியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அங்கிருந்து மால்டா, எகிப்து, பாலஸ்தீனம், லெபனான், சிரியா என்று சுற்றினார்கள். லெபனானில் ஜெனரல் டிகாலின் சுதந்திர பிரான்ஸ் தரப்பு ஹைடுக்கைத் தன் கௌரவ அணி என்று அறிவித்தது.

போர் முடிந்ததும் மூன்றாவது அழைப்பு, இந்த முறை டிட்டோவிடமிருந்தே. தலைநகர் பெல்கிரேடுக்கு வந்து ராணுவத்தின் அணியாகிவிடுங்கள் என்றார். நாட்டையே ஆள்பவர், கூடவே சண்டை போட்டவர், கூப்பிடுகிறார். ஹைடுக் ஸ்ப்ளிட்டை விட்டு நகரவில்லை. ராணுவத்துக்கென்று பெல்கிரேடில் பார்ட்டிசான் கழகம் 1945இல் தொடங்கப்பட்டது. போருக்கு முன் இருந்த பெரிய கழகங்கள் பலவற்றைப் புதிய அரசு கலைத்துவிட்டது. ஹைடுக்கைக் கலைக்கவில்லை.

இந்த மறுப்புகளைப் பற்றிப் பேசிய கூட்டத்தின் இரவில்தான் ஜெர்சிக் கடைக்காரர் விஷயமும் வந்தது. நம் மன்றத்துப் பையன்களுக்கு ஆண்டுதோறும் ஜெர்சி, பூட்ஸ் தருவதாகவும், மன்றத்தின் பெயருக்கு முன்னால் தன் கடைப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றும் ஒருவர் கடிதம் கொடுத்திருந்தார். ஹைடுக் என்ன செய்தது பார்த்தீர்களா என்று ஒருவர் எழுந்தார். அவர்களுக்கு முசோலினி, நமக்குப் பூட்ஸ், இரண்டும் ஒன்றா என்று இன்னொருவர் கேட்டார். விவாதம் இரவு பத்தரை வரை போனது. முடிவு எடுக்கவில்லை. பொருள் எண் 6இல் வருகிறது.

அடுத்து, ரசிகர்கள். 1950 உலகக் கோப்பை பிரேசிலில் நடந்தது. அங்கே ஆட்டம் பார்க்கும் கூட்டத்தை டோர்சிடா என்பார்கள். சாக்ரெப்பில் படித்துக்கொண்டிருந்த டால்மேஷிய மாணவர்கள் அந்தப் பெயரை எடுத்து, 1950 அக்டோபர் 28 அன்று ஒரு குழு அமைத்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய ரசிகர் அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். மறுநாள் ரெட் ஸ்டார் பெல்கிரேடோடு ஆட்டம். மணி, ஊதல், கிலுகிலுப்பை என்று ஒரே ஆரவாரம். ஆட்டம் முடியும் தறுவாயில் போஜோ புரோகெடா அடித்த கோலில் 2-1 வெற்றி. அந்த சீசனில் ஹைடுக் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. ஆனால் அரசுக்கு இந்த ஆரவாரம் பிடிக்கவில்லை. டோர்சிடாவுக்குத் தடை விழுந்தது, முன்னின்றவர் சிறைக்குப் போனார், கேப்டன் ஃபிரானே மதோஷிச் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இந்த மதோஷிச் நட்பு ஆட்டங்களையும் சேர்த்து 739 ஆட்டங்களில் 729 கோல் அடித்தவர். எண்ணைச் சொன்னதும் அச்சுப்பிழை என்றார்கள் நம் ஆட்கள். பிழையில்லை.

கோல்கீப்பர் விளாடிமிர் பேராவையும் விட்டுவிட முடியாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் புஸ்காஸ் அடித்த பெனால்டியைத் தடுத்தவர். உலகின் சிறந்த கோல்கீப்பர் என்று எல்லோரும் யாஷினைச் சொல்ல, யாஷினோ பேராவைச் சொன்னார். அப்படிப்பட்டவர் 1955இல் ரெட் ஸ்டாருக்கே போய்ச் சேர்ந்தார். ஊரை விட்டுப் போகாதது கழகம்தான். ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

1970களைப் பொற்காலம் என்பார்கள். தொமிஸ்லாவ் இவிச் பயிற்சியாளர், ஷுர்யாக், யெர்கோவிச், புல்யான், முஜினிச் ஆட்டக்காரர்கள். அந்தப் பத்தாண்டில் நாலு லீக் பட்டங்கள், 1972 முதல் 1977 வரை நடந்த ஐந்து கோப்பைகளும் வரிசையாக. வெற்றியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? பாதிக் கூட்டம் வாட்ஸப் பார்த்துக்கொண்டிருந்தது.

1979இல் பழைய மைதானத்தை விட்டு பொல்யுத் ஸ்டேடியத்துக்கு மாறினார்கள். மத்தியதரைக் கடல் விளையாட்டுப் போட்டிக்காக போரிஸ் மகாஷ் வடிவமைத்தது. இரண்டு பக்கக் கூரையும் சிப்பியைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். 1911 முதல் ஆடிய பழைய மைதானத்தில் இப்போது ரக்பி ஆடுகிறார்கள். ஊரை விட்டுப் போகவில்லை என்றாலும் தெருவை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நம் பொருளாளர் குறுக்கிட்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தப் பொல்யுத்தில் நடந்த இரண்டு ஆட்டங்களுக்காகவே ஒரு முழுக் கூட்டம் ஒதுக்கினோம். 1980 மே 4. ஹைடுக்கும் ரெட் ஸ்டாரும் ஆடிக்கொண்டிருக்கும்போது, முதல் பாதி முடிய சில நிமிடங்கள் இருக்கையில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. டிட்டோ இறந்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரு அணி வீரர்களும் மைதானத்திலேயே அழுதார்கள். திரண்டிருந்த ஜனம் டிட்டோ வழியிலிருந்து விலகமாட்டோம் என்ற பாட்டைப் பாடியது. அதே மைதானம், 1990 செப்டம்பர் 26. எதிரணி பார்ட்டிசான் பெல்கிரேட். ரசிகர்கள் உள்ளே புகுந்தார்கள், வீரர்கள் ஓடினார்கள், யுகோஸ்லாவியக் கொடி எரிந்தது. நடுவில் பத்தே ஆண்டுகள். அன்று அழுதவர்களில் எத்தனை பேர் இன்று கொடியை எரித்தார்கள் என்று கேட்டார் ஓர் இளைய உறுப்பினர். யாரும் பதில் சொல்லவில்லை.

கடைசி யுகோஸ்லாவியக் கோப்பை இறுதி ஆட்டம் 1991 மே 8 அன்று பெல்கிரேடில் நடந்தது. எதிரே ரெட் ஸ்டார், அதே மாதம் 29ஆம் தேதி ஐரோப்பியக் கோப்பையை வெல்லப்போகிற அணி. ஆலென் போக்ஷிச் அடித்த ஒரே கோலில் ஹைடுக் ஜெயித்தது. அதற்குச் சில நாள் முன்புதான் போரோவோ செலோ ஊரில் குரோஷியப் போலீசார் கொல்லப்பட்டிருந்தார்கள். நாடு உடையும் சத்தம் மைதானத்துக்குள்ளும் கேட்டது. ரெட் ஸ்டாரின் மிகாய்லோவிச்சும் ஹைடுக்கின் ஒரு தடுப்பாட்டக்காரரும் முட்டிக்கொண்டு இருவருமே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். அந்தத் தடுப்பாட்டக்காரர் யார் தெரியுமா? 2019 முதல் 2024 வரை இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தாரே, இகோர் ஸ்டிமாக், அவரேதான். அவர் ஊரில் ஷ்டிமட்ஸ் என்பார்கள். 2023இல் பெங்களூரில் பாகிஸ்தானோடு ஆடும்போது கோட்டோரம் நின்று எதிரணிக்காரர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கியதை டிவியில் பார்த்துச் சிரித்தோமே, அது பழைய பழக்கம் என்று இப்போது புரிகிறது. உடைந்த நாட்டின் கோப்பை ஸ்ப்ளிட்டிலேயே தங்கிவிட்டது.

எல்லாம் பெருமை என்று நினைத்துவிட வேண்டாம். 1984இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமோடு யூஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதிக்கு முன் ஒரு ரசிகர் மைதானத்தில் ஓடி ஒரு சேவலின் கழுத்தைத் திருகினார், எதிரணியின் சின்னம் சேவல் என்பதால். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தண்டனை கொடுத்தது. டோர்சிடாவின் வன்முறைக்கும் வசைக்கும் இன்னொரு கூட்டமே போடலாம்.

சுதந்திரக் குரோஷியாவில் ஆறு லீக் பட்டங்கள், 1995இல் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. 2005க்குப் பிறகு லீக் பட்டம் இல்லை. சாக்ரெப்பின் டினாமோவே பெரும்பாலும் அள்ளிக்கொண்டிருந்தது. 2022, 2023 கோப்பைகள் ஆறுதல். 2014 நவம்பரில் சாக்ரெப்பில், தங்கள் ரசிகர்களை உள்ளே விடவில்லை என்று ஹைடுக் ஆடவே மறுத்துத் திரும்பி வந்தது. 3-0 தோல்வி என்று எழுதினார்கள். வந்தவர்களை ஸ்ப்ளிட் கொண்டாடியது.

கடனில் மூழ்கிய கழகம் 2008இல் பங்கு நிறுவனமாக மாறியது. பெரும்பங்கு நகராட்சியிடம் இருக்கிறது. 2011இல் ரசிகர்கள் நம் ஹைடுக் என்று பொருள்படும் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். சந்தா கட்டிய உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு மேற்பார்வைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பின்னாளில் அந்தச் சங்கம் ஏறத்தாழ கால்வாசிப் பங்கையும் வாங்கியது. பந்தயத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிற அணிக்குச் சந்தா கட்ட அங்கே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சந்தா என்றதும் நம் கணக்குக்கு வருகிறேன். மாதம் ஒரு கூட்டம் வீதம் நடத்த நினைத்தோம், மழையில் இரண்டு நின்றுபோயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டீ செலவு சந்தா வரவைத் தாண்டிவிட்டது என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருப்பதால் வாசிக்கவில்லை. கூட்டம் முடிந்து வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பேன்.

அடுத்த ஆண்டுக்கான கிளப்பைப் பொருள் எண் 7இல் தேர்ந்தெடுப்போம். சீட்டுகளை இந்த முறை துணைத் தலைவர் எழுதுவார். போன முறை பெட்டிக்குள் போன பத்துச் சீட்டிலும் ஹைடுக் என்றே எழுதியிருந்தது என்று ஒரு புகார் வந்திருக்கிறது. அதற்கான விளக்கத்தை எழுத்தில் தருகிறேன்.

அறிக்கைக்கு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்