சோடா வாங்கிக் கொடுத்தவன் எழுதுவது

மாப்ள,

பாவூர்சத்திரம் சந்தையில் ஓணத்து லோடு ஏற ஆரம்பித்துவிட்டது. நேற்று மில்லில் கணக்கை முடித்துவிட்டு வரும்போது பிரானூரில் ஏழெட்டு சின்ன யானை வரிசையாகப் போயின. தடியங்காய், வெள்ளரி, முருங்கை என்று தார்ப்பாய் பிதுங்கப் பிதுங்க ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் டிரைவர் முகத்தைப் பார்த்தேன். சும்மா, பழக்கதோஷம்.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கிறது. அந்தப் பக்கத்துக் கார்கள் வந்து நிற்கின்றன, வரப்பெல்லாம் போட்டோ. "நம்ம காய் அங்க போகுது, அவுக கண்ணு இங்க வருது, கணக்கு நேராயிட்டு" என்று வருஷாவருஷம் சொல்வாய். இந்த வருஷம் அதைச் சொல்ல ஆளில்லை. நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று நம் வகுப்புப் பயல்கள் இருபத்தியிரண்டு பேர் வந்திருந்தோம். திருப்பூரிலிருந்து ஒருத்தன், துபாயிலிருந்துகூட ஒருத்தன். ஆளாளுக்கு உன்னைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசினேன். எனக்காக நீ "உள்ளேன் ஐயா" சொல்லி மாட்டிக்கொண்டு நாலு அடி வாங்கியதைச் சொன்னேன். தமிழ்நாட்டுக்கு மேற்கே எல்லை எது என்று சமூக அறிவியல் சார் கேட்டபோது எழுந்து நின்று "பரோட்டா கடை சார்" என்றாயே, அதையும் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஆனால் நீ சொன்னது ஒரு வகையில் சரிதானே? 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை அந்தப் பக்கத்து ஊர். ஊர் வாசல் வளைவில் திருவிதாங்கூர் சங்கு இன்னும் இருக்கிறது. எல்லை அப்போது பிரானூரில்தான் இருந்தது. அது புளியரைக்கு மேலே மலையேறிப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அங்கே உள்ள பரோட்டா கடைகளுக்கு மட்டும் பார்டர் கடை என்ற பேர் அப்படியே நின்றுவிட்டது. சார் அன்று உன்னை உட்காரச் சொன்னாரே தவிர, தப்பு என்று சொல்லவில்லை.

சரி. பேசாமல் விட்டதைச் சொல்கிறேன்.

அன்று ராத்திரி ஒன்பதரை இருக்கும். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. லோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாய். பரோட்டா வேண்டாம் என்றாய். நீ வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு மாப்ள, தோள்பட்டையும் கடுக்கு" என்றாய். அந்தக் குளிரிலும் உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லோடு ஏற்றிய வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்தான் சொன்னேன், "வாய்வுலே அது. நடுச்சாமத்துல பரோட்டாவா தின்னா வேற என்ன செய்யும்?" என்று.

இஞ்சி சோடா ஒன்று உடைக்கச் சொன்னேன். குடித்தாய். ஏப்பம் விட்டாய். "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்லே, இங்க வந்து மரத்துக்குக் கணக்கு எழுதுத" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாய். சோடாவுக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

கழுதுருட்டி தாண்டி ஒரு வளைவில் வண்டி நின்றிருந்தது. சாலையை விட்டு நன்றாக இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, இண்டிகேட்டரையும் எரியவிட்டு நிறுத்தியிருந்தாயாம். பின்னால் வந்த புனலூர் டிரைவர்தான் பார்த்திருக்கிறார். தூங்குகிறான் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். அவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான், வண்டியை எவ்வளவு ஒழுங்காக நிறுத்தியிருந்தாய் என்பதை.

காய் என்ன ஆயிற்று என்று கேட்பாய். நம் சந்தைப் பயல்கள் இன்னொரு வண்டி கொண்டுபோய் அங்கேயே மாற்றி ஏற்றி, மறுநாள் விடிவதற்குள் கொல்லத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு தடியங்காய்கூட உடையவில்லை. கடைக்காரர் வாடகையை முழுசாகக் கொடுத்தனுப்பினார். அவரும் காரியத்துக்கு வந்திருந்தார், ஓரமாக நின்றுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

எனக்குச் சாகும்வரை ஆறாதது ஒன்று உண்டு. நாம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது உன் அப்பா எப்படிப் போனார்? நாற்பத்தியிரண்டு வயசு. சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாய்வு என்று சொல்லி, உன் அம்மாவிடம் ஓமத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். அன்று ராத்திரி உன் வீட்டுத் திண்ணையில் உன் பக்கத்தில் படுத்திருந்தவன் நான். அதே மாதிரி நீ வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், எனக்கு ஞாபகம் வரவில்லை. உனக்கும் வரவில்லை. முப்பத்தேழு வயசுக்காரனுக்கு நெஞ்சுவலி என்றால் ஊரில் முதல் பேர் வாய்வு, ரெண்டாவது பேர் சுளுக்கு.

நம் பக்கத்து சுகாதார நிலையத்து நர்ஸம்மா இருக்கிறாரே, அவரிடம்தான் போன மாசம் கேட்டேன். யாருக்கோ நடந்தது போலத்தான் கேட்டேன், அவருக்குப் புரிந்திருக்கும். நெஞ்சை அழுத்துகிறது, தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, சும்மா இருக்கையிலேயே வேர்த்துக் கொட்டுகிறது என்றால் வாய்வு என்று நாமே தீர்ப்பு சொல்லக்கூடாது, முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும் என்றார். மேல்வயிற்றில் மட்டும் எரிகிற மாதிரியும் மாரடைப்பு வருமாம். ஏப்பம் வந்ததும் கொஞ்சம் தேவலையாக இருப்பதும் ஒரு அத்தாட்சி இல்லையாம். அப்பனுக்குச் சின்ன வயசிலேயே வந்திருந்தால் பிள்ளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "இதயம் காப்போம்" என்று 2023-ல் ஒரு திட்டம் வந்ததே, அதில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு முதல் வேளையை அங்கேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 108 மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எண்தான். நாம் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து வண்டியைத் திருப்பியிருந்தால் பத்து நிமிஷத்தில் அரசு ஆஸ்பத்திரி. அப்படிப் போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு பதினோரு மாசம் உன் வீட்டுக்குப் போய்வந்தேன். கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டில் பேர் நீக்குவது, வண்டிக்கடன் என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. வேலை இல்லாத நாளிலும் போனேன். கல்யாணமான புதிதில் என்னைச் "சேட்டா" என்று கூப்பிட்ட தங்கச்சி இப்போது நம்மூர்க்காரி மாதிரியே "அண்ணே" என்கிறது. ஒவ்வொரு அண்ணேக்கும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போன வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டது. அழும், இல்லை வெளியே போ என்று சொல்லும் என்று நினைத்தேன்.

"தெரியும்ணே" என்றது.

புளியரை ஏறும் முன் நீ வீட்டுக்குப் பேசியிருக்கிறாய். மாப்ள சோடா வாங்கித் தந்தான், இப்ப தேவல என்று சொல்லியிருக்கிறாய். பாட்டிலில் சீரகத்தண்ணி இருக்கு, அதையும் ரெண்டு வாய் குடிங்க என்று சொன்னதாம் தங்கச்சி. வண்டியில் அந்தப் பாட்டில் காலியாகக் கிடந்திருக்கிறது. அதைச் சமையலறை அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறது. எடுத்துக் காட்டவில்லை, கையை மட்டும் நீட்டியது. அப்புறம் ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெஷின் ஓட ஆரம்பித்தது, நான் கிளம்பி வந்துவிட்டேன்.

இனி பாப்பா விஷயம். மூணாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கோபம் வந்தால் இன்னும் மலையாளம்தான். 2018-ல் பாதை திரும்பத் திறந்து முதல் ரயில் வந்தபோது பத்து மாசப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாயே, அந்தப் போட்டோவைத் தன் பள்ளிக்கூட டப்பாவில் வைத்திருக்கிறாள். நம்மைப் பற்றிக் கதை கேட்பாள். நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தி, "அப்பா அப்படிச் சொல்லல" என்று திருத்துவாள்.

அப்படித்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஏழாம் வகுப்பில், வீட்டுக்குத் தெரியாமல் மீட்டர்கேஜ் வண்டியில் தென்மலைக்குப் போனோமே. முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் போனதும் பெட்டிக்குள் கும்மிருட்டு. அந்த இருட்டில் "எம்மா" என்று அலறி, பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்து ரெண்டு பித்தான் தெறித்தது. வெளிச்சம் வந்ததும் பெட்டியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பாப்பாவிடம் நீ சொல்லியிருக்கும் கதையில், அலறியது நானாம். மூக்கு ஒழுக அழுதேனாம். நீ தைரியம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாயாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளையும் தங்கச்சியையும் கொல்லம் ரயிலில் கூட்டிப் போகிறேன். ஜன்னலோரம் அவளுக்குத்தான், இப்போதே சொல்லிவைத்துவிட்டாள். பதிமூணு கண் பாலத்தை எண்ணிப் பார்க்க வேண்டுமாம். குகை வரும்போது, "மாமா, நீங்க இங்கதானே அழுதீங்க?" என்று கேட்பாள். ஆமா என்று சொல்லிவிடுகிறேன்.

ஆனா ஏலே, அலறினது நீதான். பித்தான் போன சட்டைக்கு எங்க அம்மாவிடம் அடி வாங்கியவன் நான்.