என் கழுத்து விஷயமாக மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என்னுடைய கழுத்துப் படத்தில் ஏதோ பிழை என்று தங்கச்சி வட்ஸ்அப்பில் போட்டதிலிருந்து நீ நேரகாலம் இல்லாமல் போன் எடுக்கிறாய். நான் வாயைத் திறக்க முதல் கொழும்புக்குப் போங்கோ, ஒப்பரேஷன் செய்யுங்கோ, காசு அனுப்புகிறேன் என்று நீயே கதையை முடித்தும் விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டு எடு.

மோட்டார் சைக்கிள் கிரவல் ரோட்டில் சறுக்கியதற்குத்தான் முதலில் படம் எடுத்தார்கள். முழங்கைத் தோல் உரிந்தது, வேறொன்றுமில்லை. ஆனால் கழுத்தில் இன்னொன்று தெரிகிறது என்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சி.ரி. ஸ்கானும் எடுத்தாயிற்று. முள்ளந்தண்டு எலும்புகளைப் பிணைத்தபடி, முண்ணாணுக்கு, அதாவது மூளையிலிருந்து முதுகுக்குள் இறங்குகிற நரம்புத் தண்டுக்கு, முன்பக்கமாக மேலிருந்து கீழே ஒரு நார் போகிறது. எனக்கு அந்த நார் அங்கங்கே எலும்பாகிவிட்டது. வாய்க்கால் கரையில் மண் திரண்டால் தண்ணீர் போகிற வழி ஒடுங்குகிற மாதிரித்தான், முண்ணாண் இருக்கிற இடம் ஒடுங்குகிறது. வழியில் மிச்சம் 6 மில்லிமீற்றருக்கும் குறைந்தால் முண்ணாண் தப்புவது கஷ்டமாம். எனக்கு அதைப்போல இரண்டு மடங்கு இடம் இன்னும் இருக்கிறது.

டொக்டர் உன்னைவிட இளம் பிள்ளை. என் நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டு, பெருவிரல் தானாக மடிகிறதா என்று பார்த்தார். மடியவில்லை. பிறகு கையைப் பொத்திப் பொத்தி விரிக்கச் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். 10 விநாடியில் 20 தடவையாவது வரவேண்டுமாம். வந்தது. குதிக்காலும் விரலும் முட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். வரம்பில் நடந்து பழகிய காலுக்கு அது ஒரு சோதனையா? சட்டைப் பொத்தான் பூட்டத் தடுமாறுகிறதா, கை விறைக்கிறதா, சலம் போவதில் மாற்றமா என்றும் கேட்டார். ஒன்றுமில்லை. அப்படியானால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார்.

இந்த வருத்தம் ஜப்பானில்தான் அதிகம் கண்டிருக்கிறார்கள், ஆராய்ச்சியும் அங்கேதான் கூட. முண்ணாண் பாதிப்பு இல்லாமல் வந்தவர்களை ககோஷிமாவில் நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 30 வருடம் போனபிறகும் 71 சதவீதம் பேர் பாதிப்பில்லாமலே இருந்ததாகக் கணக்குச் சொல்கிறது. எனக்கு இப்போது 66. முப்பது வருடக் கணக்கு எனக்குத் தாராளம்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 2009இல் மூட்டையைத் தலையில் சுமந்து ஓடினதால்தான் என்கிறாள் அம்மா. அப்படிப் பார்த்தால் வன்னியில் அரைவாசிப் பேருக்கு இது இருக்க வேண்டும். கல்சியம் கூடிவிட்டது, பாலை நிற்பாட்டு என்கிறார் பெரியப்பா. பால் குடித்து வருகிற வருத்தம் இல்லை இது. ஆண்களுக்குத்தான் அதிகம், ஐம்பது தாண்டியவர்களிடம்தான் அதிகம் தெரிகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களிடமும் உடம்பு பருத்தவர்களிடமும் கூடுதல். குடும்பத்தோடும் வரும். ஜப்பானில் நோயாளிகளின் நெருங்கிய உறவினரைப் படம் எடுத்துப் பார்த்தபோது 23 சதவீதம் பேருக்கு இருந்திருக்கிறது.

இனித்தான் உன்னுடைய கதை. எலும்பு வளர்வது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இல்லை. வயது போனவர்களுக்கு மெதுவாகத்தான் போகும். இளம் வயதில் தொடங்கியவர்களுக்குத்தான் விறுவிறென்று கூடுகிறது. துண்டு துண்டாக இருப்பதைவிட நீளத்துக்கு ஒரே பட்டையாக இருப்பதும், இரண்டும் கலந்து இருப்பதும் வேகமாகக் கூடுமாம். என்னுடையது துண்டு வகை, வயதும் போய்விட்டது. உனக்கு 41. போன வருடம் சீனி எல்லையில் நிற்கிறது என்று நீயே சொன்னாய். கலியாணப் படத்தையும் போன மாதம் மருமகள் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். இளம் வயதிலேயே கன இடங்களில் எலும்பாகிப் போகிறவர்களில் பலர் பருத்த ஆட்கள்தானாம். ஆகவே கழுத்துக்காக நித்திரை முழிக்க வேண்டியது நானா நீயா?

உனக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என்னுடைய அறிக்கையைத் தங்கச்சியிடம் சொல்லி அனுப்புகிறேன். அதை உன் குடும்ப டொக்டரிடம் காட்டு. கழுத்துக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கத் தேவையா என்று அவர் சொல்லட்டும். சீனியையும் திரும்பப் பார். இராவேலை முடிந்து விடியப்புறம் கொத்துரொட்டி சாப்பிடுவதை முதலில் விடு.

என்னைப் பற்றி நீ பயப்படுவதென்றால் விழுவதைப் பற்றிப் பயப்படு. எலும்பு மெல்லத்தான் வளரும். விழுந்தால் அந்தக் கணத்திலேயே முண்ணாண் அடிபடலாம், அதுவரை ஒன்றுமில்லாமல் திரிந்தவனுக்கும் கைகால் இழுத்துவிடலாம். அதனால் மாமரத்தில் ஏறுவதில்லை. கிணற்றுக்கட்டில் பாசி பிடிக்க விடுவதில்லை. சைக்கிளில் மெதுவாகப் போகிறேன், ஹெல்மெட்டோடுதான். நெல்மூட்டையை லாண்ட்மாஸ்டரில் ஏற்றப் பொடியன்கள் வருகிறார்கள். சலூனில் முடி வெட்டினபிறகு தலையைப் பிடித்து டக்கென்று ஒரு திருப்புத் திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதைக் கட்டாயம் விடச் சொன்னார் டொக்டர். சலூன்காரருக்குக் கொஞ்சம் மனவருத்தம், அதுதான் அவருடைய கைராசியாம். நீயும் அங்கே கதிரையில் இருந்தபடி கழுத்தை அப்படி முறிக்கிற ஆள். விட்டுவிடு. பனியில் நடக்கும்போது நல்ல சப்பாத்துப் போடு.

இன்னொன்றும் சொன்னார். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க வந்தால், குழாய் போடுவதற்கு முன் இந்தக் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். அறிக்கையில் ஒரு பிரதியை மடித்துப் பேர்சுக்குள் வைத்திருக்கிறேன்.

ஒப்பரேஷனுக்கு என்று எடுத்து வைத்த காசை அனுப்பாதே. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்தால் எங்களுக்கு வேறு பெரிய செலவு இல்லை. தை மாதம் திரும்பப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையது வந்ததும் அனுப்புகிறேன். அதற்குள் உன்னுடைய சீனிக் கணக்கை அனுப்பு.

அன்புடன்,
அப்பா