ஒரு பைசாப் பத்திரிகைக்கு உங்கள் பங்கு

தங்கவயல் சொந்தங்களுக்கும், சென்னை, பெங்களூரு என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன மாதம் மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லைன் வீட்டுப் பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்றை இறக்கினோம். உள்ளே, வேட்டித் துணியில் சுற்றிய பழைய ‘தமிழன்’ இதழ்கள். முதல் தாளைப் பிரித்ததுமே மடிப்பு வாக்கில் அப்பளமாய் உடைந்தது. அதற்குமேல் தொடத் துணிவில்லாமல் பெட்டியை மூடிவிட்டோம். இந்த இதழ்களைப் படம்பிடித்துக் காப்பாற்றத்தான் உங்களிடம் பணம் கேட்கிறோம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய வாரப் பத்திரிகை அது. நாலு பக்கம், புதன்கிழமை வரும், விலை காலணா, அதாவது அன்றைய ஒரு பைசா. அதனால் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. மறு வருஷம் வெறும் ‘தமிழன்’ ஆனது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்று அதில் வாராவாரம் வாதாடினார். பள்ளிக்கூடம், நிலம், உத்தியோகம் கேட்டு சர்க்காருக்கு முறையிட்டார். 1914-ல் அவர் மறைந்தார். 1926-ல் ஜி. அப்பாதுரையார் இதே தங்கவயலிலிருந்து பத்திரிகையை மறுபடி நடத்தினார். சுரங்கத்தில் இறங்கி ஏறிய கைகள் வாங்கிப் படித்த தாள்கள் இவை.

பண்டிதர் எழுதியதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பணம் தர வேண்டும் என்பதில்லை. வெள்ளைக்கார ஆட்சியை அவர் வாழ்த்தியது எங்கள் குழுவிலேயே பலருக்குப் பிடிக்காது. அவருடைய சொல்லாராய்ச்சி சிலது இன்றைக்கு நிற்காது. அவரோடு சண்டை போடுவதற்காவது அவர் எழுதிய மூல இதழ்கள் கையில் இருக்க வேண்டுமே!

தாளை அழுத்தாமல் மேலிருந்து படம்பிடிக்கும் ஸ்கேனர் 95,000 ரூபாய். கம்ப்யூட்டரும் சேமிப்பு டிஸ்குகளும் 65,000. வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்களுக்கு எட்டு மாதச் சம்பளம் 1,44,000. உறை, அட்டைப்பெட்டி, சில்லறைச் செலவு 16,000. ஆக 3,20,000. இதுவரை கையில் இருப்பது 1,10,000. சம்பளம் எதற்கு, பசங்க சும்மா செய்ய மாட்டார்களா என்று கேட்கிறார்கள். 2001-ல் சுரங்கம் மூடியதிலிருந்து விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் ஊர் இது. சும்மா செய்யச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

நூறு ரூபாயும் வாங்கிக்கொள்கிறோம். ஞாயிறு காலையில் வாசகசாலையில் பொருளாளர் இருப்பார். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். வரவு செலவு மாதக் கடைசியில் வாசல் பலகையில் ஒட்டப்படும். படம்பிடித்த பக்கங்களை யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

வீட்டில் பழைய இதழ் இருந்தால் எங்களுக்குக் கொடுத்துவிட வேண்டாம். இரண்டு நாள் இரவல் போதும். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே கொண்டுவாருங்கள், செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இதழ் பாதுகாப்புக் குழுவினர்,
மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்